காரிச் சட்டியைப் பின்தொடர்ந்து: ரீயூனியன் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 7, வியாழன். சேன் தெனி

புதுச்சேரியின் ஆகஸ்ட் வெக்கையிலிருந்து கிளம்பியவனுக்கு, இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவின் தலைநகரில் மாலை நேரத்துக்கு ஒரு மெல்லிய ஸ்வெட்டர் தேவைப்படும் என்பது தோன்றவே இல்லை. பூமத்திய ரேகைக்குத் தெற்கே இது குளிர்காலம். பகல் வெயில் இதமாகத்தான் இருந்தது. பொழுது சாய்ந்ததும் மலையிலிருந்து இறங்கிய காற்று சட்டைக்குள் புகுந்துவிட்டது.

இந்தத் தீவுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் எரிமலையைப் பார்க்க வருகிறார்கள். நான் சாப்பிட வந்தேன். புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் வழித்தோன்றல்கள் இங்கே பெருந்தொகையாக வாழ்கிறார்கள் என்பதும், தீவின் எல்லா இனத்தவர் வீட்டிலும் அன்றாடம் வேகும் குழம்புக்குக் 'காரி' என்று பெயர் என்பதும் எங்கள் ஊரில் பலரும் சொல்லக் கேட்டவை. ஆகவே நம் வீட்டுக் குழம்பின் தூரத்து உறவைப் பார்க்கப் போகிறோம் என்ற நினைப்போடுதான் வந்திறங்கினேன்.

விடுதிக்கு எதிரே நின்ற வண்டிக்கடையில் ஏழு யூரோவுக்கு ஒரு பெட்டிச் சாப்பாடு வாங்கினேன். அடியில் சோறு, அதன்மேல் குழைய வெந்த சிவப்பு பீன்ஸ், பக்கத்தில் பன்றி இறைச்சிச் சாசேஜில் செய்த 'ருகாய்'. சாசேஜை முதலில் தண்ணீரில் கொதிக்கவைத்து உப்பையும் கொழுப்பையும் இறக்கிவிட்டு, வட்டமாக நறுக்கி வதக்கி, வெங்காயமும் தக்காளியும் தைம் தழையும் சேர்த்துச் சுண்டவிடுகிறார்கள். தனியா, சீரகம், தேங்காய் எதுவும் அதில் இல்லை. அரைத்த மிளகாய் மட்டும் ஒரு குட்டி டப்பாவில் தனியாக வந்தது. எனக்கு முன்னால் நின்ற வெள்ளைக்காரத் தம்பதியிடம் அந்த மிளகாயைப் பற்றி இரண்டு முறை எச்சரித்த கடைக்காரர், என் முகத்தைப் பார்த்ததும் "மல்பார்தானே, உங்களுக்குப் பழக்கம் இருக்கும்" என்று சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி வைத்தார். தமிழ் வம்சாவளியினரை இங்கே மல்பார் என்றுதான் அழைக்கிறார்கள். அந்த இரண்டாவது கரண்டி எனக்குத் தேவைப்படவில்லை. முதலாவதே கண்ணில் நீர் வரவழைத்துவிட்டது.

ஆகஸ்ட் 8, வெள்ளி. சேன் போல் சந்தை

மேற்குக் கரையில் கடலை ஒட்டி வெள்ளிக்கிழமை முழுவதும், சனிக்கிழமை மதியம் வரையும் கூடுகிற இந்தச் சந்தையில் நடக்கும்போது, தமிழ்நாட்டுக் காய்கறிச் சந்தை ஒன்றைப் பிரெஞ்சுக்காரர்கள் துடைத்து ஒழுங்குபடுத்தி வைத்தாற்போன்ற மயக்கம் உண்டாகிறது. முருங்கைக்காய், முருங்கைக்கீரை, பீர்க்கங்காய், சேப்பங்கிழங்கு, வாழைப்பூ, கறிவேப்பிலை, மணத்தக்காளிக் கீரை எல்லாம் இருக்கின்றன. விலைதான் நம்முடையதல்ல: கைப்பிடியளவு முருங்கைக்கீரை ஒன்றரை யூரோ, வெனிலா இரண்டு காய் ஐந்து யூரோ.

சமைக்கிற கீரைகள் அனைத்துக்கும் இங்கே 'பிரெத்' என்று பொதுப்பெயர். கீரை விற்ற மூதாட்டியிடம் மணத்தக்காளியை எப்படிச் சமைப்பார்கள் என்று கேட்டேன். எண்ணெயில் பூண்டும் இஞ்சியும் போட்டு, கீரையைக் கழுவிய ஈரத்தோடு அள்ளிப் போட்டு, மூடிவைத்தால் போதும் என்றார். பருப்பு? அது கீரையோடு சேராது, தனிச் சட்டி. தேங்காய்? அவர் கையை விரித்த விதத்தில், நான் கீரையில் சாக்லேட் போடலாமா என்று கேட்டுவிட்டதுபோல இருந்தது. வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பெண்மணி பேச்சில் புகுந்து, தன் வீட்டில் இதைக் கஞ்சியளவு தண்ணீராக வைத்துச் சோற்றில் ஊற்றிச் சாப்பிடுவோம் என்றார். இருவரும் வழக்கை நடத்தட்டும் என்று நான் நகர்ந்தேன். இந்தத் தீவில் அடுப்படி விஷயத்தில் கருத்துச் சொல்ல அறிமுகம் தேவையில்லை.

சந்தை ஓரத்தில் பொன்னிறமாக வெந்துகொண்டிருந்த 'பொன்பொன் பிமான்' நம் வடையேதான். ஊறவைத்த பயறை அரைத்து, வெங்காயத்தாளும் சீரகமும் பச்சை மிளகாயும் சேர்த்து, நடுவில் துளையிட்டுப் பொரிக்கிறார்கள். அதே கண்ணாடிப் பெட்டியில், குஜராத்திலிருந்து வந்த முஸ்லிம் வணிகர்கள் கொண்டுவந்த சமோசாவும், சீனக் குடியேறிகள் கொண்டுவந்த ஆவியில் வெந்த 'பூஷோன்' கொழுக்கட்டையும் அடுத்தடுத்து இருந்தன. இவற்றை நீளரொட்டியின் நடுவில் திணித்துச் சாப்பிடுகிறவர்களும் உண்டு. வடையைக் காலை நேரத்தில் வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் வைத்து நானும் சாப்பிட்டேன். மறுபடி சாப்பிடவும் தயார்.

ஆகஸ்ட் 9, சனி. சேன் போலுக்கு மேலே

நான் தங்கியிருக்கும் வீட்டின் உரிமையாளர் அறுபதைக் கடந்த கிரியோல் பெண்மணி, அதாவது தீவிலேயே வேரூன்றிய கலப்பு வம்சாவளியைச் சேர்ந்தவர். வந்த விருந்தினர்களுக்கு இரவுச் சாப்பாடும் போடுகிறார். தலைக்கு முப்பது யூரோ, முதலில் ஒரு சிறு கோப்பை ரம்மும் அதில் அடக்கம். காரி வைப்பதைப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, பார்க்க வேண்டுமானால் வெங்காயம் உரிக்க வேண்டும் என்றார்.

வீட்டுக்குள் நவீன சமையலறை இருந்தும், காரி மட்டும் கொல்லைப்புறத்துத் தகரக் கொட்டகையில் விறகடுப்பில்தான் வேகிறது. பழைய கிரியோல் வீடுகளில் சமையற்கட்டு எப்போதும் தனிக் கட்டடம். எரிப்பது சவுக்கு விறகு. சட்டி, வார்ப்பு அலுமினியத்தில் கனமாகச் செய்தது. அவருடைய தாயார் வைத்திருந்ததாம், அடிப்பகுதி கரியேறித் தடித்திருந்தது.

எண்ணெய் காய்ந்ததும் நான் வெங்காயத் தட்டை நீட்டினேன். அவர் அதை வாங்கித் தள்ளிவைத்துவிட்டு, எலும்போடு வெட்டிய நாட்டுக்கோழியை முதலில் போட்டார். நாம் வெங்காயத்தையும் மசாலாவையும் வதக்கிவிட்டு அதன் மடியில் இறைச்சியைப் போடுகிறோம். இங்கே இறைச்சிதான் முதலில் சட்டியின் வெற்றடியைத் தொடுகிறது. துண்டுகள் ஒட்டிப் பிடித்து, பழுப்பேறி, தாமாகவே அடியை விட்டு வருகிற வரை அவர் கரண்டியைத் தொடவில்லை. ஏறத்தாழக் கால் மணி நேரம். அடியில் பிடித்த பழுப்பின்மீது நீளவாக்கில் அரிந்த வெங்காயத்தைப் போட்டதும், அதன் ஈரம் அந்தப் பிடிப்பைக் கரைத்து எடுத்துக்கொண்டது. குழம்பின் நிறமும் மணமும் பெரும்பாலும் அந்த நிமிடத்தில் உண்டாகிவிட்டன. மற்றவை எல்லாம் அதற்கு உதவிதான்: எரிமலைக் கல்லில் குடைந்த சிறு உரலில் உப்போடு இடித்த பூண்டு, இஞ்சி, மிளகு, பிறகு ஒரு கரண்டி மஞ்சள்தூள், நெய்யில் வதங்குவதுபோல எண்ணெயில் சில நொடி, பிறகு பொடியாக நறுக்கிய தக்காளி, இரண்டு கொத்து தைம். தக்காளி கரைந்து எண்ணெய் பிரிந்ததும் அரைக் குவளைத் தண்ணீர், மூடி, தணல்.

"இன்னும் என்ன போடுவீர்கள்?" என்று கேட்டேன்.

"நேரம்" என்றார்.

அது வேகும் நேரத்தில் உரலைக் கழுவிவிட்டுத் தக்காளி ருகாய் இடித்தார். வந்த அன்று சாப்பிட்ட சாசேஜ் ருகாய் அடுப்பில் சுண்டுவது. இது பச்சையாகவே இருப்பது, நம் துவையலின் இடத்தை நிரப்புவது. பச்சை மிளகாயும் இஞ்சியும் உப்பும் முதலில் நசுங்கின, பிறகு வெங்காயம், பிறகு தக்காளி. கடைசியாகக் 'கொம்பாவா' என்கிற, தோல் முண்டு முண்டாக இருக்கும் எலுமிச்சையின் பச்சைத் தோலை இரண்டு உரசல் மட்டும் துருவினார். மூன்றாவது உரசல் கசப்பாகிவிடும் என்பது அவருடைய கணக்கு. காரம் முழுவதும் இந்தக் கிண்ணத்தில்தான். சட்டிக்குள் ஒரு மிளகாய்கூடப் போகவில்லை. குழந்தையும் கிழவரும் வந்த விருந்தாளியும் ஒரே சட்டியில் சாப்பிட வேண்டுமென்றால் வேறு எப்படிச் செய்வது என்று திருப்பிக் கேட்டார்.

தட்டில் பரிமாறும் முறைக்கும் வரிசை உண்டு. முதலில் சோறு, அதன்மேல் பருப்போ பயறோ, பக்கத்தில் காரி, ஓரத்தில் கீரை, விளிம்பில் ருகாய். மஞ்சளும் தைமும் ஒரே குழம்பில் இருப்பதை என் நாக்கு முதல் இரண்டு கவளம் வரை ஏற்கவில்லை. ஒன்றை நம் வீட்டிலும் மற்றதைப் பிரெஞ்சு உணவகத்திலும் பார்த்தே பழகியவன் நான். மூன்றாவது தடவை சோறு கேட்டு வாங்கினேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு. எர்மித்தாஜ் கடற்கரை

சுறாக்களின் தாக்குதலால் தீவின் கரையில் பெரும்பகுதியில் கடலில் இறங்கத் தடை இருக்கிறது. பவளப்பாறை அரணாக நிற்கும் இந்தக் காயல் பகுதியில் மட்டும் நிம்மதியாகக் குளிக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை இங்கே வருகிறவர்களில் பாதிப்பேர் தண்ணீர்ப் பக்கமே திரும்புவதில்லை. சவுக்கு நிழலில் இடம் பிடிப்பதற்காக விடியும் முன்பே ஒரு சித்தப்பாவை அனுப்பிவிடுகிறார்கள். பின்னாலேயே மேசை, நாற்காலி, பாட்டி, அண்டா அளவு சட்டிகள் வந்து சேர்கின்றன.

நான் கையில் ஒரு ரொட்டியோடு நடந்துகொண்டிருந்தேன். ஒரு குடும்பத்தின் பெரியவர் அந்த ரொட்டியை இரக்கத்தோடு பார்த்துவிட்டு, உட்காரச் சொன்னார். மறுப்பதற்குள் தட்டு வந்துவிட்டது. மஞ்சளும் பயறும் உருளைக்கிழங்கும் சேர்த்து ஒரே சட்டியில் வேகவைத்த 'சாம்ப்ரொகால்' சோறு. புகைபோட்ட பன்றி இறைச்சியோடு, தூளாகக் கொத்திய பிஞ்சுப் பலாக்காயில் ஒரு காரி. பிஞ்சுப் பலாவை அந்த அளவுக்குப் பொடியாகக் கொத்த ஒரு ஆளுக்கு முழுக் காலைப்பொழுது போய்விடும் என்றும், அதனால் கடையில் கொத்தியே விற்பதை வாங்கிவிட்டதாகவும் மருமகள் சிரித்தபடி சொல்ல, மாமியார் சிரிக்கவில்லை.

அந்தக் கூட்டத்தில் மிக மூத்தவர் தன் தாயார் சொன்ன போர்க்காலக் கதையைச் சொன்னார். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனிக்குப் பணிந்துபோன பிரான்சின் விஷி அரசின் கையில் தீவு இருந்தபோது கப்பல்கள் வருவது நின்றுபோனது. 1942 நவம்பரில் ஜெர்மனியை எதிர்த்து நின்ற சுதந்திர பிரான்சின் படை வந்திறங்கும் வரை, இறக்குமதி அரிசியை நம்பியிருந்த வீடுகள் மக்காச்சோள ரவையும் மரவள்ளிக்கிழங்கும் தின்று காலம் தள்ளின. இன்று அதே மக்காச்சோளச் சோற்றை விசேஷ உணவாக உணவகங்களில் விற்பதைப் பார்த்தால் தன் தாயார் அடிக்க வருவார் என்றார்.

ஆகஸ்ட் 11, திங்கள். சிலாவோஸ்

சேன் லூயியிலிருந்து, செங்குத்து மலைகள் சுற்றிலும் சூழ்ந்த மலைக்கிண்ணத்துக்குள் இருக்கும் சிலாவோசுக்குப் போகும் பாதையில் 400க்கு மேல் வளைவுகள். 1932இல்தான் இந்தச் சாலை வந்தது. அதற்குமுன் நடக்க முடியாதவர்களை நாற்காலியில் வைத்துத் தூக்கிச் சென்றார்கள். சில வளைவுகளில் பேருந்து ஒரே மூச்சில் திரும்ப முடியாமல் பின்வாங்கி மறுபடி திரும்பியது. எதிரே கார் வந்தால் ஓட்டுநர் ஒலியெழுப்புவார், கார்க்காரர் தானாகவே பின்னால் போவார். யாரும் யாரையும் திட்டவில்லை. நூறாவது வளைவுக்குப் பிறகு எனக்கு அந்த நாகரிகத்தை ரசிக்கும் நிலை இல்லை.

இறங்கியபோது வயிறு காலி, குளிர் நடுக்கியது, திங்கட்கிழமை என்பதால் உணவகங்களில் பாதி மூடியிருந்தன. திறந்திருந்த ஒன்றில் சிலாவோஸ் பருப்பு கிடைத்தது. மலைப்படிகளில் ஒட்டியிருக்கும் சிறு சிறு பாத்திகளில் விளையும் இந்தப் பழுப்பு நிறப் பருப்பு, நம் மைசூர்ப் பருப்பின் குடும்பம். மணி சிறிது, தோல் மெல்லியது. ஊறவைக்காமலே, தைமும் வெங்காயமும் பூண்டும் போட்டு மெதுவாக வேகவிடுகிறார்கள். கரைந்து கூழாகாமல், அதே நேரம் கரண்டியில் கெட்டியாக நிற்கும் பதம். அதோடு புகைபோட்ட இறைச்சி ருகாய். அரைக் கிலோ பருப்புக்கு ஏழு யூரோ கேட்டார்கள், கொடுத்தேன். சரிவிலிருந்து கையால் பறித்து உலர்த்தி அடிக்கிற பயிருக்கு அது அநியாய விலை அல்ல. இரவில் மூன்று கம்பளி கேட்டு வாங்கிப் போர்த்திக்கொண்டேன்.

ஆகஸ்ட் 13, புதன். பிளேன் தே கிரேக்

தெற்கே சேன் ஜோசஃபுக்கு மேலே, மலையிடுக்கில் இருக்கும் இந்தச் சிற்றூர்தான் தீவின் மஞ்சளுக்குப் பேர்போன இடம். ஈரோட்டுப் பக்கம் கிழங்கை வேகவைத்துக் காயவைப்பதைப் பார்த்தவன் நான். இங்கே நான் பார்த்த பண்ணையில் வேகவைப்பதே இல்லை: கழுவி, சீவல் சீவலாக நறுக்கி, உலர்த்தி, நேரே அரைக்கிறார்கள். நூறு கிராம் ஐந்து யூரோ. நிறம் சற்று ஆரஞ்சு பாய்ந்தது, வாசனை பச்சை மண் கலந்தது. சனிக்கிழமை சட்டியில் ஒரே ஒரு கரண்டி மஞ்சள் ஏன் அவ்வளவு தூரம் பேசியது என்பது இங்கே விளங்கியது. பல பொடிகளுக்கு நடுவே நிறத்துக்காக ஒரு சிட்டிகை போடப்படும் மஞ்சள் வேறு. வேறு மசாலாப் பொடிகளின் துணை இல்லாமல் குழம்பையே தாங்குகிற மஞ்சள் வேறு.

ஆகஸ்ட் 14, வியாழன். எல்-பூர்

சலாசி மலைக்கிண்ணத்தில் விடாத தூறல். இந்தக் கிழக்குப் பக்கம் எப்போதும் ஈரமானது. மேற்கில் காய்ந்த புல்லைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால் வேறு தீவுக்கு வந்ததுபோலிருக்கிறது. வேலி, மரம், மின்கம்பம் என்று எதையும் விடாமல் சௌசௌ கொடி ஏறி மூடியிருக்கிறது. காயைக் காரியிலும் பாலாடைக்கட்டியோடு சுட்டும், கேக்கிலும்கூடச் சேர்க்கிறார்கள், கொழுந்து கீரையாகிறது, தண்டு நாரில் தொப்பி பின்னுகிறார்கள்.

இவ்வளவையும் எனக்கு வாயால் சொன்னார்கள், தட்டில் போடவில்லை. பேருந்து ஒரு மணி நேரம் தாமதமாகி நான் ஊருக்குள் நுழைந்தபோது மணி இரண்டு இருபது. பிரெஞ்சு ஆட்சி இந்தத் தீவுக்குத் தந்தவற்றில் மிக உறுதியானது மதிய உணவு நேரம்தான் என்று நினைக்கிறேன். ஒரு உணவகத்தில் பக்கத்து மேசையில் ஆவி பறக்கும் சட்டியைப் பார்த்துக்கொண்டே நின்ற என்னிடம், அடுப்படி மூடிவிட்டது, இரவு ஏழு மணிக்கு வாருங்கள் என்று மிகுந்த பணிவோடு சொன்னார்கள். ஏழு மணிக்குத் திரும்பிச் செல்லப் பேருந்து இல்லை. மளிகைக் கடையில் ஆறிய சமோசா வாங்கித் தின்றேன். கடைக்காரப் பெண் என் முகத்தைப் பார்த்து, பின்கட்டில் தன் மதியச் சாப்பாட்டில் மீந்திருந்த சௌசௌக் கொழுந்துக் கீரையை ஒரு கோப்பையில் ஊற்றிக் கொடுத்தார். இஞ்சி மிதந்த வெந்நீர்க் கீரை. காசு வாங்கவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி. சேன்ட் சுசான்

மாதா விண்ணேற்புத் திருநாள், எல்லாம் மூடியிருந்தன. தங்கிய இடத்தில் சர்க்கரைவள்ளிக்கிழங்குக் கேக் மட்டும் கிடைத்தது: வேகவைத்து மசித்த கிழங்கு, முட்டை, வெண்ணெய், சர்க்கரை, ஒரு மூடி ரம், பிளந்து சுரண்டிய வெனிலா. உள்ளே அல்வாப் பதம், மேலே கருகல் விளிம்பு. அந்த வெனிலாவைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக முடியாது. மெக்சிகோவுக்கு வெளியே காய்க்கவே மறுத்த கொடியை, பூவின் மடலைக் குச்சியால் விலக்கி விரலால் மகரந்தம் சேர்த்துக் காய்க்கவைக்கும் எளிய முறையை 1841இல் கண்டுபிடித்தவர் எத்மோன் அல்பியூஸ், இதே ஊர்த் தோட்டத்தில் அடிமையாக இருந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன். இன்றும் உலகெங்கும் வெனிலாப் பூவை அந்தக் கையசைவில்தான் சேர்க்கிறார்கள். 1848 டிசம்பர் 20இல் இங்கே அடிமைமுறை ஒழிக்கப்பட்டு அவர் விடுதலையானார். ஏழையாகவே 1880இல் இறந்தார். அவருடைய விரல்கள் உண்டாக்கிய வணிகத்தில் அவருக்கு ஒரு காசும் சேரவில்லை.

ஆகஸ்ட் 16, சனி. சேன் ஆந்த்ரே

கரும்பு வெட்டுக் காலம். ஆலைக்குப் போகும் கரும்பு லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து வந்து சேர்ந்தேன். சாலையோரத்தில் கோபுரங்கள் தெரிகின்றன. வழி கேட்டவர்களில் தமிழ் பேசுவோர் யாரும் அகப்படவில்லை, தீவின் பேச்சுமொழியான கிரியோலும் பிரெஞ்சும்தான்.

சேன் போல் வீட்டம்மாவின் உறவினர் ஒருவர் மல்பார் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். அவர்கள் வீட்டில் மதியச் சாப்பாடு. வாழை இலையில் கையால் சாப்பிடும் 'ஏழு காரி' விருந்து பூஜை நாட்களுக்கு உரியது. அன்று கறி கிடையாது, ரசம் உண்டு. இன்று சாதாரண நாள் என்பதால் ஆட்டுக்கறி 'மசாலே'. தீவில் நான் பார்த்தவற்றுள் வறுத்து அரைத்த பொடி சேர்ந்த சட்டி இது ஒன்றுதான்: தனியா, சீரகம், வெந்தயம், கடுகு, மிளகு, கிராம்பு, கறிவேப்பிலை. வாசனை வந்ததும் வீட்டு நினைவு வந்தது உண்மை. ஆனால் இங்கேயும் கறியே முதலில் எண்ணெயில் இறங்கிப் பழுப்பேறியது, மிளகாய் தனிக் கிண்ணத்தில் வந்தது. தேங்காய் இல்லை. பொடி காரைக்காலிலிருந்து வந்தது, சட்டியின் ஒழுங்கு இந்தத் தீவினுடையது. இன்று மல்பார் அல்லாத வீடுகளிலும் விருந்தென்றால் இதைச் சமைக்கிறார்கள்.

தக்காளி போட்டதுதான் சர்ச்சையானது. மசாலேயில் தக்காளி கூடாது, புளிதான் போட வேண்டும், தன் தாயார் வைத்தது அப்படித்தான் என்றார் வீட்டுக்காரர். புளி போட்டால் பிள்ளைகள் சாப்பிடுவதில்லை என்றார் மனைவி. என்னை நடுவராக்கினார்கள், ஊரில் நாங்கள் இரண்டும் போடுவோம் என்றேன். இருவரும் ஒரே குரலில் மறுத்துவிட்டு, எனக்கு இன்னொரு கரண்டி கறியை வைத்து, தங்கள் வழக்கை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.